அப்பாவுக்கு மேளம் இல்லாத இசைத்தட்டு

1

போன சனிக்கிழமை எங்கள் ஊர் நூலக வாசலில் ஒரு மரப்பெட்டியை வைத்திருந்தார்கள். உள்ளே பழைய இசைத்தட்டுகள். வேண்டியவர்கள் எடுத்துக்கொண்டு போகலாம் என்று அட்டையில் எழுதியிருந்தது. இப்போது உள்ளங்கை அகலத்தில் பளபளவென்று புதுத் தட்டு வந்துவிட்டதாம். தாம்பாளம் மாதிரியான பழைய தட்டுகளுக்கு அலமாரியில் இடமில்லை.

'எங்கள் ஊர்' என்று கை தானாக எழுதிவிட்டது. அரியலூர்க்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் சொல்வது பென்சில்வேனியாவில் ஒரு சிமெண்ட் ஊரை. அரியலூர்ச் சுண்ணாம்புத் தூசியே வேண்டாமென்று விமானம் ஏறியவன், பாதி உலகத்தைச் சுற்றி வந்து இன்னொரு சுண்ணாம்புத் தூசியில் இறங்கினேன். தலையெழுத்து என்பாள் என் மனைவி ராணி. எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான் என்பேன் நான்.

பெட்டியைக் கிளறியபோது அந்தத் தட்டு அகப்பட்டது. உறையில் ஒரு பெண், கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறாள். உறையின் மூலையில் மஞ்சள் கறை. எங்கள் வீட்டு ரசம்தான், சந்தேகமே இல்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் அப்பா இங்கே வந்திருந்தபோது இதைத் திரும்பத் திரும்ப இங்கிருந்து கடனாக வாங்கிவந்தோம். கோட்டுக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

2

எழுபத்துமூன்றில் வந்தேன். முதல் குளிர்காலத்தில் தனியாள். ராணியும் குழந்தை மலரும் குரும்பலூரில் மாமனார் வீட்டில் இருந்தார்கள். ஆலையின் சோதனைக்கூடத்திலிருந்து அறைக்கு வந்தால் பேச ஆளில்லை. வெளியே போனால் மூக்கு உறைகிறது. சூடு இருக்கிறதே என்றுதான் நூலகத்துக்குள் நுழைந்தேன். அங்கே புத்தகத்தைப் போலப் பாட்டையும் கடன் கொடுக்கிறார்கள் என்று தெரிந்தபோது, நான்கூட ஏதோ ஒரு நல்ல தேசத்துக்குத்தான் வந்திருக்கிறேன் என்று தோன்றியது.

இசைத்தட்டுப் பகுதியைப் பார்த்துக்கொண்டவர் மிஸஸ் ஹார்ப்பர், கறுப்பினப் பெண்மணி. கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். "என்ன கேட்கிறாய்?" என்றார். எது வேண்டும் என்று எனக்கே தெரியாததால் "எல்லாம்" என்றேன். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "அப்படியானால் முதலிலிருந்து ஆரம்பி" என்று ஒரு ஜாஸ் தட்டை எடுத்துக் கொடுத்தார்.

அது எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிக்கிற சத்தத்தோடு இருந்த பழங்காலப் பதிவு. கிளாரினெட்டும், கார்னெட் என்கிற குட்டி டிரம்பெட்டும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடின. கேட்டவுடன் எனக்குப் பெரம்பலூர்க் கல்யாண ஊர்வலங்களின் பேண்டு செட்டுதான் நினைவுக்கு வந்தது. அதே கிளாரினெட், அதே வேர்வை. அடுத்த வாரம் பதினைந்து இருபது பேர் கூட்டமாக வாசிக்கும் பெரிய குழுக்கள், ஆடுவதற்கென்றே செய்த இசை. அதற்கடுத்து, நாலைந்து பேர் மட்டும் சேர்ந்து மூச்சுவிடாமல் ஓட்டும் வேக இசை. எனக்குத் தலை சுற்றியது. பிறகு வேகம் தணிந்து, சாயங்காலக் காற்று மாதிரி டிரம்பெட் ஊதும் காலம். கடைசியாக வந்தது எனக்குப் பிடிபடவே இல்லை. ஆளாளுக்கு ஒரு பக்கம் இழுத்தார்கள். "இது சந்தைக்கடை" என்றேன். "இன்னும் பத்து வருஷம் கழித்துக் கேள்" என்றார் மிஸஸ் ஹார்ப்பர். கேட்டேன். சந்தைக்கடைதான், ஆனால் இப்போது எனக்குச் சந்தை பிடிக்கிறது.

என் பெயர் விவகாரத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? அப்பா பெயரின் முதலெழுத்துதான். அதை இங்கே எந்த ஆபீசிலும் ஒப்புக்கொள்ளவில்லை. "கே என்றால் என்ன?" என்றார்கள். "கொளஞ்சி, என் அப்பா" என்றேன். அன்றிலிருந்து நாங்கள் கொளஞ்சி குடும்பம். நான் மிஸ்டர் கொளஞ்சி, மகள் மிஸ் கொளஞ்சி. ராணிக்குத்தான் பொறுக்கவில்லை. "மாமனார் பேர வாயால சொல்லக் கூசுறவ நானு. என்னையே மிஸஸ் கொளஞ்சின்னு கூப்புடுறானுவ. ஊருக்குத் தெரிஞ்சா காறித் துப்புவாங்க" என்று புலம்பினாள். இன்றைக்கு வங்கியில் அந்தப் பெயரைக் கூப்பிட்டால் அவள்தான் முதலில் எழுந்து போகிறாள்.

3

இனி அப்பா. விக்கிரமங்கலத்துக்குப் பக்கத்து ஊரில் எங்கள் தெரு ஆட்கள்தான் சாவுக்குப் பறை அடிக்க வேண்டும். கூலி பேசிப் போகும் வேலையில்லை. கூப்பிட்டால் போயே ஆகவேண்டிய வேலை. பெரிய வீட்டு வாசலிலிருந்து "டேய் கொளஞ்சி" என்று ஒரு குரல் வந்தால் போதும், சாப்பிடுகிற சோற்றை வைத்துவிட்டு அப்பா எழுந்து போவார்.

ஒருமுறை என் அக்காவுக்கு நெருப்பாகக் காய்ச்சல். அரியலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வண்டி கேட்டிருந்தார் அப்பா. அந்நேரம் பெரிய வீட்டில் ஒரு சாவு. பிணம் எடுத்த பிறகு போகலாம் என்றுவிட்டார்கள். வெளியூர் உறவு வந்து சேரும்வரை, மறுநாள் பொழுது சாய்கிற வரைக்கும் நின்றபடி அடித்தார். அக்கா பிழைத்துக்கொண்டாள். ஆனால் இடது காது இன்றுவரை கேட்காது.

அடுத்த அழைப்பு வந்தபோதும் அப்பா போனார். பறையை அடிப்பதற்கு முன் வைக்கோல் கொளுத்தி அனலில் காட்ட வேண்டும், அப்போதுதான் தோல் விறைத்துச் சத்தம் வரும். எல்லாரும் பார்த்திருக்க அனலில் காட்டியவர், எடுக்கவே இல்லை. தோல் வெடித்து, மரச்சட்டம் பற்றி எரியும்வரை நின்று பார்த்துவிட்டு, அன்றைக்கே அம்மாவையும் எங்களையும் கூட்டிக்கொண்டு அரியலூருக்கு நடந்தார். அங்கே சுண்ணாம்புக்கல் லாரிகளில் பாரம் ஏற்றித்தான் எங்களைப் படிக்க வைத்தார்.

அரியலூரில் அவர் யாரிடமும் பழைய கதையைச் சொன்னதில்லை. "முன்ன என்ன வேல பாத்தீங்க?" என்று கேட்டால், "விவசாயம்" என்பதோடு சரி. நம் வீட்டுக் கை இனி மேளத்தைத் தொடாது என்பது அவர் வைத்துக்கொண்ட சபதம். என் கல்யாணமே மேளம் இல்லாத கல்யாணம். குரும்பலூர் சம்பந்தி வீட்டார் திகைத்துப்போனார்கள். ரேடியோ செட்டில் பாட்டு போட்டார்கள். பாட்டில் மேளம் வந்தால் அப்பா பந்தலை விட்டு வெளியே போய் நின்றுகொள்வார். தாலி கட்டும்போது எங்கே நின்றார் என்று எனக்கு நினைவில்லை.

இப்போது என் சங்கடத்தைச் சொல்கிறேன். எண்பத்துநாலில் அப்பா வருவதற்குச் சீட்டு வாங்கியாயிற்று. அம்மா போனபின் அக்கா வீட்டில் ஒடுங்கிக் கிடந்தவரை, சென்னையில் விசா வரிசையில் நிற்கவைத்து, ஏன் போகிறாய் என்று கேட்ட அதிகாரியிடம் "பேத்தியப் பாக்க" என்று சொல்லவைத்து, ஒருவழியாகக் கிளப்பினோம். அதே மாதம் பதின்மூன்று வயது மலர் பள்ளியிலிருந்து வந்து சொன்னாள். ஜாஸ் குழுவில் அவளைச் சேர்த்துக்கொண்டார்களாம். அவளுக்குக் கிடைத்தது டிரம்ஸ்.

4

"மாமாவுக்குத் தெரியவே கூடாது" என்றாள் ராணி. தெரிந்தால் அடுத்த விமானத்தில் கிளம்பிவிடுவார், அப்புறம் சாகிறவரை இந்தப் பக்கம் திரும்ப மாட்டார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். மலருக்குக் காரணம் தெரியாது. நாங்கள் சொல்லி வளர்க்கவில்லை. தாத்தாவுக்குச் சத்தம் ஆகாது, வீட்டில் அதைப் பற்றிப் பேசாதே என்று மட்டும் சொல்லிவைத்தோம்.

அப்பா வந்தார். காலையில் குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்காருவார். தபால்காரர் வந்தால் கும்பிடுவார். தபால்காரரும் பதிலுக்குக் கும்பிடக் கற்றுக்கொண்டார். மலரிடம் பேச ஆசை. அவள் தமிழ் பாதி வழியில் நின்றுவிடும். "தாத்தா, நீங்க சாப்பாடு முடிஞ்சிருக்கீங்களா?" என்பாள். "நான் முடியல ஆத்தா, இன்னும் இருக்கேன்" என்பார் அப்பா. இருவரும் சிரிப்பார்கள்.

நான் ஆலைக்குப் போய்விட்டால் அவருக்குப் பொழுது போகாது. இசைத்தட்டைச் சுழலவிட்டுக் காட்டினேன். ஒரு நிமிஷம் கேட்டார்.

"மோளம் இல்லாததா வைப்பா" என்றார்.

மிஸஸ் ஹார்ப்பரிடம் போய், டிரம்ஸ் இல்லாத ஜாஸ் வேண்டும் என்றேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். உப்பில்லாத கருவாடு கேட்டவனை நம் ஊர்க் கடைக்காரர் பார்ப்பாரே, அந்தப் பார்வை. ஆனாலும் தேடிக் கொடுத்தார். அந்த இலையுதிர்காலம் முழுக்க நான் ஜாஸை வேறொரு வாசல் வழியாகக் கேட்டேன். ஒரு கிழவர் தனியாகப் பியானோ வாசித்தார். "இந்தாளு வெரலுக்கு என்ன இம்புட்டு அவசரம்?" என்றார் அப்பா. இரண்டு கிடாரும் ஒரு வயலினும் குதிரை வண்டியாக ஓடின. அது பிடித்தது. சாக்ஸபோன் ஒன்றே ஒன்று துணையில்லாமல் ஒரு பக்கம் முழுக்க ஊதியது. "எரும கன்னுக்குட்டியக் காணாமத் தேடுது. பாவம், நிறுத்துப்பா" என்றார்.

கடைசியில் இந்த ரசக்கறைத் தட்டு வந்தது. ஜலதோஷம் பிடித்த குரல் அந்தப் பெண்ணுக்கு. சத்தம் போட்டே பாட மாட்டாள். ஒவ்வொரு சொல்லையும் கொஞ்சம் தாமதமாக, ஆனால் சரியான இடத்தில் வைப்பாள். ஒரு சொல்கூடப் புரியாமலே அப்பா அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டே இருந்தார். "இந்தப் புள்ளைக்கு ஏதோ மனக்கொறை இருக்கு. ஆனா யார்கிட்டயும் சொல்லிக்க மாட்டா" என்றார். தினமும் அதுதான். நூலகத்துக்குக் கொடுப்பேன், மறுபடி வாங்கிவருவேன்.

ஒருநாள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்.

"ஏம்ப்பா, பாட்டு பாடுற எடத்துல எவ மொறத்துல பொடைக்கிறா?"

"என்னப்பா?"

"நல்லாக் கேளு. சரக் சரக்குன்னு. கம்பு பொடைக்கிற சத்தம். நெதானமா பொடைக்கிறா."

ஸ்பீக்கரிடம் காதை வைத்தேன். அது டிரம்ஸ். குச்சிக்குப் பதில் கம்பிப் பிரஷ்ஷால் தோலின் மேல் வருடுகிறார்கள். உறையில் டிரம்ஸ்காரர் பெயர் இருந்ததை நான் கவனிக்கவில்லை. ஒரு மாதமாக மேளம் கேட்டுக்கொண்டிருக்கிறார் மனிதர். "இருக்கும்ப்பா" என்றேன்.

5

அடுப்படியில் பாலில் சோளச் செதில் போட்டுத் தின்றுகொண்டிருந்த மலருக்கு முறம் தெரியாது, புடைப்பதும் தெரியாது. ஆனால் தாத்தா கையை அசைத்துக் காட்டியது புரிந்துவிட்டது. ராணி கண்ணைக் காட்டுவதற்குள் பையைத் திறந்து இரண்டு கம்பிப் பிரஷ்களை எடுத்தாள். இசைத்தட்டு உறையை மடியில் வைத்துக்கொண்டு, பாட்டோடு சேர்ந்து சரக் சரக் என்று வருடினாள்.

"இதுதான் தாத்தா. இது டிரம். நான் ஸ்கூல்ல பண்றேன்!"

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு ராணியை. கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

"டிக்கெட்ட மாத்தச் சொல்லு" என்றார்.

விமானக் கம்பெனியில் மலிவுச் சீட்டை மாற்ற முடியாது என்றுவிட்டார்கள். எந்தக் குமாஸ்தாவுக்கு நான் நன்றி சொல்வது என்று தெரியவில்லை. மூன்று பேர் பேசாத வீட்டில் மலர்தான் அழுதுகொண்டே வந்து, "நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்று அவரிடமே கேட்டாள்.

அப்பா அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார். பெரிய வீடு, அத்தையின் காய்ச்சல், வைக்கோல் தீ எல்லாவற்றையும் சொன்னார். அவளுக்குப் புரியாத இடங்களில் நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.  அவர் வாயால் அதை நான் கேட்பது அதுவே முதல் தடவை. எனக்கு எல்லாம் அம்மா சொல்லித்தான் தெரியும்.

"அப்ப நான் விட்டுடணுமா தாத்தா?" என்றாள் மலர். நிஜமாகவே கேட்டாள்.

அப்பா எழுந்து ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டார். டிசம்பரில் பள்ளிக் கச்சேரி இருந்தது. அதற்குள் அவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவர் வேண்டாமென்றால் அவள் போக மாட்டாள். அது எனக்குத் தெரிந்தது.

6

தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது மிஸஸ் ஹார்ப்பரிடம் நடந்ததைச் சொன்னேன். அந்த அம்மாள் கையிலிருந்த தேதி முத்திரையைக் கீழே வைத்தார். தன் அப்பா கிளாரினெட் வாசித்தவர் என்றும், வாசிக்கப் போன வெள்ளைக்காரர் ஹோட்டல்களில் சமையல்கட்டு வாசல் வழியாகத்தான் உள்ளே விடுவார்கள் என்றும் சொன்னார். பிறகு, நான் முதன்முதலில் கேட்ட பழங்காலத் தட்டை எடுத்துக் காட்டினார். அதில் டிரம்ஸ் ஏன் சரியாகக் கேட்கவில்லை தெரியுமா என்றார். அந்தக் காலத்து எந்திரம் பெரிய அடி தாங்காது, ஊசி குதித்துவிடும். அதனால் டிரம்ஸ்காரரைத் தூரமாக, சில சமயம் அறையின் கடைக்கோடிக்கே தள்ளி நிறுத்துவார்களாம்.

இதை அப்பாவிடம் சொன்னேன். குல்லாயைக் கழற்றினார்.

"இங்கயும் மோளக்காரன வெளியதான் நிக்க வச்சானுவளா?"

"எந்திரத்துக்காகப்பா."

"ஏதோ ஒண்ணுக்காக. அப்பறம் எப்ப உள்ள வுட்டானுவ?"

 "கேட்டுப் பாப்பமா?" என்றேன். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

அப்படித்தான் நானும் அப்பாவும் ஜாஸை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். இந்தத் தடவை மேளத்தோடு. பழைய தட்டில் தூரத்தில் டொக் டொக் என்று ஒரு மரக்கட்டைச் சத்தம் மட்டும். "அந்தாண்ட நிக்கிறான்" என்றார் அப்பா. பெரிய குழுக்களின் தட்டில் சத்தம் கிட்டே வந்தது. "ஊருக்குள்ள வந்துட்டான்." வேகக்காரர்களின் தட்டில் டிரம்பெட் நின்று, சாக்ஸபோன் நின்று, எல்லாரும் வாயை மூடிக்கொள்ள, டிரம்ஸ் தனியாகப் பேசியது. நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். எழுந்து வெளியே போகவில்லை. அது முடிந்து மற்றவர்கள் திரும்பச் சேர்ந்தபோது, "இவன் பேசுற வரைக்கும் அவனுங்க காத்துகிட்டு இருந்தானுவளா?" என்று கேட்டார்.

"ஆமாப்பா."

"ம்" என்றார். கச்சேரியைப் பற்றி அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. கச்சேரி நாள் சாயங்காலம் மலர் பையோடு வாசலில் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா என் பெரிய கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். "நா பாக்கறதுக்குத்தான் வரேன். வேற ஒண்ணுமில்ல" என்றார்.

7

பள்ளி அரங்கில் மூன்றாவது வரிசை. அப்பாவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் ராணி. இசை ஆசிரியர் மைக்கில் ஒவ்வொரு பெயராகப் படித்தார். டிரம்பெட் இன்னார், சாக்ஸபோன் இன்னார். ஒவ்வொருவராக மேடைக்கு வந்தார்கள். பிறகு, "டிரம்ஸ், மிஸ் கொளஞ்சி" என்றார்.

அப்பா எழுந்துவிட்டார்.

யோசித்து எழுந்ததில்லை. பெயர் காதில் விழுந்ததும் உடம்பு எழுந்துவிட்டது. கோட்டின் ஒரு பக்கம் தொங்க, முதுகு கொஞ்சம் வளைந்து, கை முன்னால் வந்துவிட்டது. முப்பது வருஷம் கல் சுமந்த உடம்பு அந்த அழைப்பை மறக்கவே இல்லை. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

"மாமா, ஒங்கள இல்ல" என்று ராணிதான் அவர் கையைப் பிடித்தாள். "நம்ம பாப்பாவ. நீங்க உக்காருங்க."

உட்கார்ந்தார். ராணி பிடித்த கையை விடவில்லை. மலர் வந்தாள். மேடை நடுவில், மற்றவர்களுக்குப் பின்னால் ஒரு முழ உயரத்துக்குப் பலகை போட்டு டிரம்ஸை வைத்திருந்தார்கள். ஏறிப் போய் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். டிரம்பெட்காரப் பையன் நின்றான். சாக்ஸபோன், கிடார், பெரிய பாஸ் எல்லாரும் நின்றார்கள். அவர்கள் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவள் குச்சியை நாலு தட்டுத் தட்டிய பிறகுதான் ஆரம்பித்தார்கள்.

அவள் எப்படி வாசித்தாள் என்று கேட்காதீர்கள். நான் அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது பாட்டு மெதுவான பாட்டு. அவள் கம்பிப் பிரஷ்ஷை எடுத்தாள். சரக், சரக். "நெதானமா பொடைக்கிறா" என்று அப்பா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

முடிந்ததும் ஜனங்கள் எழுந்து கைதட்டினார்கள். அப்பா மட்டும் எழவில்லை. காரில் திரும்பும்போது பாதி வழியில் வாயைத் திறந்தார்.

"ஆத்தா, அந்த ஸ்டூலு ஒனக்கு ஒசரம் பத்தல போலருக்கே. முதுகு வலிக்காது?"

"வலிக்கும் தாத்தா."

"வாத்தியார்கிட்ட நல்ல ஸ்டூலாப் போடச் சொல்லு" என்றார்.

மலர் அன்றிரவு முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தாள். ராணி அடுப்படியில் போய் அழுதாள். நான் இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்தேன்.

8

அப்பா ஊர் திரும்பிய பிறகு, எண்பத்தாறில் நான் மட்டும் ஒருமுறை அங்கே போயிருந்தேன். அரியலூர் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அவரோடு கல் ஏற்றிய பழைய ஆட்கள் தினமும் கூடுகிற கடை. எல்லாருக்கும் என்னை நன்றாகத் தெரியும். மழை, பஸ், கங்கைகொண்ட சோழபுரம் பக்கத்து முந்திரி விளைச்சல் எல்லாம் பேசி முடித்த பிறகு ஒரு பெரியவர் கேட்டார்.

"தம்பி, பேத்திப் பொண்ணு என்ன பண்ணுது?"

"படிக்குதுங்க" என்றேன். அந்தக் கடையில் அதற்கு மேல் என்ன சொல்லலாம், என்ன சொல்லக்கூடாது என்று எனக்கு அத்தனை வருஷப் பழக்கம்.

அப்பா டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தார்.

"மோளம் அடிக்கிறா" என்றார். பெஞ்சு முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

டீ ஆற்றுகிறவர் கை நின்றது. பெரியவர் சரியாகக் காதில் விழாதவர் மாதிரி, "என்னது, மோளமா?" என்றார்.

"ஆமாய்யா, மோளந்தான். எங்க வூட்டுத் தொழிலு. விக்கிரமங்கலத்துப் பக்கம் நானும் அடிச்சவன்தான்."

 ரயில் ஒன்று போனது. அது போய் முடிகிற வரைக்கும் அப்பா காத்திருந்தார்.

"நா நின்னுகிட்டு அடிச்சேன். எம்பேர வச்சுகிட்டு எம் பேத்தி உக்காந்து அடிக்கிறா."